புரிந்ததா என்று கேட்கக் கூடாது

தேவனாம்பட்டினம் போகும் சாலையில்
கோடை விடுமுறைக்குப் பூட்டிய பாலிடெக்னிக்.
அதன் டிராயிங் ஹாலில் பதினெட்டுப் பேர்,
ஹவில்தார்கள், நாயக்குகள், ஒரு சுபேதார்.
எல்லோருக்கும் கை பேசும்.
வாயைத்தான் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள்.

தெற்கிலிருந்து அடித்தால் சிப்காட் நெடி.
கிழக்கிலிருந்து அடித்தால் கருவாடு.
கேப்டன் பிளாந்தீன், புதுச்சேரிக்காரர்,
என்னைவிடப் பதினோரு வயது இளையவர்,
முதல் நாளே பலகையில் ஒரு சொல்லை எழுதி
குறுக்கே கோடு போட்டார்:
புரிந்ததா?

"ராணுவத்தில் இதற்கு ஒரே பதில்தான்.
இனி யாரும் இதைக் கேட்கக் கூடாது."
"யெஸ் மேடம்" என்றோம் பதினெட்டுப் பேரும்.
அவர் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து எங்களுக்கே கேட்டது.

நான் கலியவரதன். பத்தொன்பது வருட சர்வீஸ்,
எண்பத்தொரு மில்லிமீட்டர் மார்ட்டார்.
கண்ணைக் கட்டிவிட்டாலும் குழலை நிறுத்துவேன்,
மட்டக்குமிழி நடுவில் நிற்கும்.
எப்படி என்று கேட்டார்கள்.
"இப்படி" என்றேன்.
மதிப்பெண் தாளில் பூஜ்யம் நல்ல உருண்டையாக இருந்தது.

மறுநாள்: கேள்வியை எல்லோருக்கும் பொதுவாகப் போடு.
நான்கு எண்ணு. அப்புறம் பெயரைச் சொல்.
முதலிலேயே பெயர் வந்துவிட்டால்
மற்றவர்கள் மனசுக்குள் பூட்ஸைக் கழற்றிவிடுவார்கள்.

எனக்கு இரண்டுக்கு மேல் போகவில்லை.
நானே கேட்டு, நானே பதில் சொல்லி,
நானே சபாஷும் போட்டுக்கொண்டேன்.

விடியற்காலை நாயக் சவரிராயன்
முதுநகர் துறைமுகத்துக்கு மீன் வாங்க இழுத்துப்போனார்.
ஏலம் விடும் அம்மா வஞ்சிரக் கூடை முன்னால் நின்று
ஒரு தரம் என்றார், ரெண்டு தரம் என்றார்,
அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை.
இடுப்பில் கை வைத்து முகம் முகமாகப் பார்த்தார்.
அந்தச் சும்மாவில் இருநூறு ரூபாய் ஏறியது.
சவரிராயன் என் விலாவில் இடித்தார்.

எனக்குத் தெரிந்த காத்திருப்பு வேறு.
இறங்கிய குண்டு குழலுக்குள்ளேயே கிடந்தால்
யாரும் அசையக் கூடாது. அறுபது எண்ண வேண்டும்.
ஷிபினுக்கு இதைச் சொன்னது நான்தான்.
வயநாட்டுப் பையன். வேகமாகச் சொன்னேன்,
சாப்பாட்டு விசில் ஊதப்போகிற நேரம்.
புரிந்ததா?
யெஸ் சார்.

விசாரணையில் என் பாடக்குறிப்பைப் பார்த்தார்கள்.
அறுபது இருந்தது. அவன் கையெழுத்தும் இருந்தது.
என்மேல் தவறில்லை என்று எழுதினார்கள்.
இடது கையில் மூன்று விரலோடு
மானந்தவாடியில் மொபைல் கடை வைத்திருக்கிறான்.
ஓணத்துக்கு வாழ்த்து அனுப்புவான்.
கட்டைவிரல் படத்தைத் தொட்டுவிட்டு,
அழித்துவிட்டு, பூ அனுப்புவேன்.

கடைசி நாள், ஆளுக்கு நாற்பது நிமிடம்.
தலைப்பை நானே எடுத்தேன்.
மேசைமேல் மாதிரிக் குழல், உள்ளே மரக்குண்டு.
"குண்டு போகவில்லை. உன் கை முதலில் எங்கே போகும்?"

ஒன்று.
மின்விசிறி கிர்ரென்றது.
இரண்டு.
சாலையில் ஐஸ் வண்டி மணி.
மூன்று.
யாரோ நாற்காலியை இழுத்தார்.
நான்கு. பெயர் சொல்லவில்லை. ஐந்தும் எண்ணினேன்.
கெடிலத்து முகத்துவாரக் காற்று
ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது.

"குழல் வாய்க்குத்தான் சார்" என்றார்
ஆள் குறைகிறதென்று பின்வரிசையில் உட்கார வைத்திருந்த சமையற்காரர்.
"என்னாச்சுன்னு தொட்டுப் பாக்கத்தானே தோணும்."

தப்பான பதில்.
என் வகுப்பில் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் உண்மை.
அங்கிருந்து ஆரம்பித்தேன்.

கேப்டன் அறுபத்தொன்று போட்டிருந்தார்.
குறிப்பு: பலகையில் எழுத்து படிக்கும்படி இல்லை.
நேரம், மூன்று நிமிடம் கூடுதல்.